லண்டன் கோர்ட்டில் நடராஜர்! கறையான் மண் சாட்சி சொன்ன கதை

லண்டன் நகரத்துக் கோர்ட்டில் ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது.

அந்த வழக்கில் உரிமை கோரியவர்களில் ஒருவர் சிவலிங்கம்!

சிவலிங்கம் என்றால் ஆள் பெயர் அல்ல. தமிழ்நாட்டில், ஒரு சிறு கிராமத்தில், இடிந்துபோன கோவிலில் இருந்த கல் லிங்கமேதான்.

"என் நடராஜர் சிலையை என்னிடம் கொடுங்கள்" என்று அந்த லிங்கத்தின் பெயரால் கேட்டார்கள்.

வெள்ளைக்கார நீதிபதி அந்த வழக்கைப் பொறுமையாக விசாரித்தார். சிவலிங்கம் ஜெயித்ததா? சிலை திரும்பி வந்ததா? அந்தச் சிலை லண்டனுக்குப் போனது எப்படி?

கள்ளக்கடத்தல் என்றால் பலருக்கும் தங்கக் கட்டியும் கைக்கடிகாரமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சாமி சிலைகளையே கடல் கடந்து கடத்தியவர்கள் உண்டு. அவர்களைப் பிடித்த கதைகள், துப்பறியும் கதைகளை மிஞ்சக்கூடியவை.

மண்வெட்டியில் பட்டது

பத்தூர் ஒரு சிறிய ஊர். அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே விசுவநாத சாமி கோவில் ஒன்று இருந்தது. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு சோழர் காலத்தில் கட்டிய கோவில். நாளடைவில் அது இடிந்து பாழாகிவிட்டது. பூஜை நின்றுபோயிற்று.

1976-ம் ஆண்டில் ஒரு நாள், அந்த ஊர்க் கூலித் தொழிலாளி ஒருவர் தன் குடிசைக்கு அருகே மண் வெட்டினார். மண்வெட்டி எதன் மீதோ "டங்" என்று மோதியது.

தோண்டிப் பார்த்தார். உள்ளே வெண்கலச் சிலைகள் இருந்தன. அவற்றில் ஒன்று அழகான நடராஜர்!

பூமிக்கு அடியில் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ம் ஆண்டிலேயே வந்த சட்டம் இது. ஆனால் அந்த ஏழைக்கு அதெல்லாம் தெரியுமா? சிலை வியாபாரி ஒருவன் வந்தான். சில நூறு ரூபாயைக் கையில் கொடுத்தான். நடராஜரைக் கொண்டுபோய்விட்டான்.

விஷயம் வெளியே கசிந்தது. போலீசார் வந்தார்கள். குழியில் இருந்த மற்ற சிலைகளை மீட்டார்கள். ஆனால் நடராஜர் மட்டும் கிடைக்கவில்லை. அது கைமாறி, கைமாறி, நாட்டை விட்டே போய்விட்டது.

மண்ணுக்குள் சாமி ஏன்?

சாமி சிலைகள் மண்ணுக்குள் எப்படிப் போயின?

முன்காலத்தில் அந்நியப் படைகள் வந்தபோது, கோவிலைக் காத்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். உற்சவர் சிலைகளைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். புதைத்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள். சிலர் ஊரை விட்டே போய்விட்டார்கள். இடம் தெரியாமலே போயிற்று.

இன்னும் காவிரிக் கரை ஊர்களில் உழும்போதும், அஸ்திவாரம் தோண்டும்போதும் சிலைகள் வெளியே வருவது இதனால்தான்.

லண்டனில் கண்டுபிடிப்பு

1982-ம் ஆண்டு. கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று, லண்டன் வியாபாரி ஒருவரிடம் ஒரு நடராஜர் சிலையை விலைக்கு வாங்கியது. விலை இரண்டரை லட்சம் பவுன்!

பத்தூர்க் கூலியாளுக்குக் கிடைத்ததோ சில நூறு ரூபாய்தான்.

"இந்தச் சிலை எப்படி வந்தது?" என்பதற்கு அந்த வியாபாரி ஒரு பழைய கதையைச் சொல்லியிருந்தார். அது பொய் என்பது பின்னால் கோர்ட்டில் தெரிந்தது. வாங்கிய கம்பெனி அந்தப் பொய்யை நம்பித்தான் வாங்கியது.

சிலையைச் சுத்தம் செய்வதற்காக லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்திருந்தார்கள். அப்போது "ஸ்காட்லாந்து யார்டு" போலீசார் வந்து சிலையைக் கைப்பற்றினார்கள்.

"பணம் கொடுத்து வாங்கிய சிலை. திருப்பிக் கொடுங்கள்" என்று கம்பெனி வழக்குப் போட்டது.

"அது எங்கள் சிலை" என்று இந்திய அரசாங்கமும், தமிழ்நாடு அரசாங்கமும், பத்தூர்க் கோவிலும் உரிமை கோரின. சிவலிங்கத்தின் பெயரும் அதில் சேர்ந்தது.

கறையான் கட்டிய மண்

வழக்கில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். லண்டனில் இருக்கும் நடராஜரும், பத்தூர்க் குழியில் இருந்த நடராஜரும் ஒன்றா?

சிலைக்கு வாய் இல்லை. கண்ணால் கண்டவர்களோ சாமானிய மனிதர்கள். ஆகவே நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். தொல்பொருள் அறிஞர் நாகசாமி, சிலையின் அமைப்பை விளக்கினார். அதே குழியில் கிடைத்த மற்ற சிலைகளோடு அதை ஒப்பிட்டார்கள். வேலைப்பாடு ஒத்திருந்தது.

அப்புறம் ஓர் அதிசயம்!

சிலையின் மேல் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. கறையான் கட்டிய மண்ணின் தடமும் இருந்தது. அதை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். பத்தூர் மண்ணோடும், அங்கே கிடைத்த மற்ற சிலைகளின் மேல் இருந்த தடங்களோடும் ஒப்பிட்டார்கள்.

வியாபாரி பொய் சொன்னார். கறையான் கட்டிய மண் பொய் சொல்லுமா?

1988-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. "சிலை பத்தூர்க் கோவிலுக்கு உரியது" என்று நீதிபதி கூறினார். கம்பெனி அப்பீல் செய்தது. 1991-ம் ஆண்டில் அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று.

பாழடைந்த கோவில் ஆனாலும் அதற்குச் சொத்து உண்டு. அந்தச் சொத்துக்காகக் கோர்ட்டில் வழக்காடலாம் என்று லண்டன் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. உலகம் முழுவதும் பேசப்பட்ட தீர்ப்பு அது.

அதே ஆண்டில் நடராஜர் தாய்நாடு திரும்பினார். திருவாரூர் தியாகராஜர் கோவிலில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்தில் அவரை வைத்தார்கள்.

சாமி மாறியது தெரியவில்லை!

பத்தூர்ச் சிலையாவது பூமிக்குள் இருந்தது. கோவிலுக்குள் பூஜையில் இருந்த நடராஜரையே மாற்றிய கதையும் உண்டு.

கும்பகோணத்துக்கு அருகே சிவபுரம் என்ற ஊர். 1951-ம் ஆண்டில் அங்கே பூமியில் சில சிலைகள் கிடைத்தன. நடராஜரும் அவற்றில் ஒருவர். சிலைகளைக் கோவிலுக்கே கொடுத்தார்கள்.

சிலைகளில் பழுது இருந்தது. சரி செய்து தரும்படி, 1954-ம் ஆண்டில் ஒரு ஸ்தபதியிடம் ஒப்படைத்தார்கள்.

சில காலம் கழித்துச் சிலைகள் திரும்பி வந்தன. பளபள என்று இருந்தன. ஊரார் கும்பிட்டார்கள். அபிஷேகம் நடந்தது. தீபாராதனை நடந்தது.

ஆனால் வந்தது பழைய நடராஜர் அல்ல. அச்சு அசலாகச் செய்த புதிய நடராஜர்! பழைய சிலை கள்ளத்தனமாக விற்கப்பட்டுவிட்டது.

ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிலையை நேரில் பார்த்த இங்கிலாந்து அறிஞர் டக்ளஸ் பாரட் என்பவருக்குத்தான் சந்தேகம் வந்தது. "கோவிலில் இருப்பது புதிதாகச் செய்த நகல்" என்று 1965-ம் ஆண்டில் தன் புத்தகத்தில் எழுதினார்.

அப்போதுதான் திடுக்கிட்டார்கள்.

உண்மையான நடராஜர் பம்பாய்க்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1973-ம் ஆண்டில் நார்ட்டன் சைமன் என்ற கோடீசுவரரின் அறக்கட்டளை, 9 லட்சம் டாலருக்கு அந்தச் சிலையை வாங்கியது.

இந்திய அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. 10 ஆண்டுக் காலம் சிலை அமெரிக்காவில் இருக்கலாம். பிறகு இந்தியாவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்படி 1986-ம் ஆண்டில் நடராஜர் திரும்பினார்.

ஒன்றைப் போல் ஒன்று இல்லை

இந்தச் சிலைகளுக்கு ஏன் இத்தனை கிராக்கி?

சோழர் காலத்து ஸ்தபதிகள் முதலில் மெழுகில் சிலை செய்வார்கள். அதன் மேல் களிமண்ணைப் பூசுவார்கள். களிமண் உலர்ந்ததும் சூடு காட்டுவார்கள். உள்ளே உள்ள மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள். ஆறியதும் களிமண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள்.

அச்சை உடைத்துவிடுவதால், அதே அச்சில் இன்னொரு சிலையை வார்க்க முடியாது. எத்தனை நடராஜர் இருந்தாலும், ஒருவர் விரல் போல் இன்னொருவர் விரல் இராது. ஒரு தீச்சுடர் போல் மற்றொரு தீச்சுடர் இராது.

இதனால்தான் வெளிநாட்டுப் பணக்காரர்கள் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். திருடனைக் காட்டிக்கொடுப்பதும் இதே வேற்றுமைதான்!

புதுச் சிலை என்று பொய்

நம் நாட்டில் 1972-ம் ஆண்டில் தொல்பொருள் சட்டம் வந்தது. 1976-ம் ஆண்டில் அது அமலாயிற்று. 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலையைத் தனி ஆள் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை.

அப்படியும் சிலைகள் எப்படி வெளியே போகின்றன?

கடத்தல்காரர்கள் செய்யும் தந்திரம் இதுதான். இன்று செய்த புதுச் சிலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இல்லை. அவை வெறும் கைத்தொழில் சாமான்கள். ஆகவே பத்துப் புதுச் சிலைகளுக்கு நடுவே ஒரு பழைய சிலையை வைப்பார்கள். "எல்லாம் புதுச் சிலைகள்" என்று காகிதத்தில் எழுதுவார்கள். பெட்டி கப்பல் ஏறிவிடும்.

அக்கரையில் போனதும் இன்னொரு பொய் பிறக்கும். "சட்டம் வருவதற்கு முன்பே இந்தச் சிலை இந்தியாவை விட்டு வந்துவிட்டது" என்று பழைய தேதி போட்டுக் கடிதம் தயார் செய்வார்கள்.

இக்கரையில் பழையது புதிதாகும். அக்கரையில் புதுக் கடிதம் பழையதாகும்!

பூட்டிய கோவிலில் திருட்டு

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற ஊரில் பிரகதீஸ்வரர் கோவில் இருக்கிறது. போதிய வருமானம் இல்லாமல் பூஜை நின்று, கோவில் பூட்டிக் கிடந்தது. உள்ளே நடராஜர் முதலிய சிலைகள் இருந்தன.

2008-ம் ஆண்டில், சிலைகளைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வந்தார்கள். கதவைத் திறந்தார்கள். உள்ளே சிலைகள் இல்லை!

திருட்டு எப்போதோ நடந்துவிட்டது. கோவில் பூட்டியே கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த நடராஜர் அதற்குள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அந்த நாட்டு அரசாங்கத்தின் கலைக்கூடம், சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கியிருந்தது. விற்றவர் சுபாஷ் கபூர் என்பவர். நியூயார்க் நகரில் பெரிய சிலைக்கடை வைத்திருந்தவர். வழக்கம்போல ஒரு பழைய கடிதமும் கொடுத்திருந்தார்.

போட்டோ பேசியது

இங்கே சாட்சி சொன்னது கறையான் மண் அல்ல. ஒரு போட்டோ!

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் ஆட்கள் 1956-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுக் கோவில்களுக்குப் போய்ப் போட்டோ எடுத்தார்கள். குக்கிராமத்துக் கோவில்களையும் விடவில்லை. ஆயிரக்கணக்கான போட்டோக்களை ஊர் வாரியாக அடுக்கி வைத்தார்கள். திருட்டைப் பிடிப்பதற்காக அவர்கள் எடுக்கவில்லை. ஆராய்ச்சிக்காகத்தான் எடுத்தார்கள். அது பின்னால் போலீசாருக்குப் பெரிய ஆயுதமாக அமைந்தது.

ஸ்ரீபுரந்தான் நடராஜரின் போட்டோ அங்கே இருந்தது. ஆஸ்திரேலியாவில் உள்ள சிலையின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றே! உலோகத்தில் இருந்த சிறு குறைகள்கூட ஒத்திருந்தன.

சிலைக் கடத்தலைத் தடுப்பதற்கென்றே தமிழ்நாடு போலீசில் 1983-ம் ஆண்டு முதல் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவு கபூரைத் தேடியது. 2011-ம் ஆண்டு அக்டோபரில், ஜெர்மனியில் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் அவர் சிக்கினார். 2012-ம் ஆண்டில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்க அதிகாரிகள் அவருடைய கிடங்குகளைச் சோதனை போட்டார்கள். பல நாடுகளைச் சேர்ந்த 2,500-க்கும் மேற்பட்ட பழம்பொருள்கள் கைப்பற்றப்பட்டன!

உடையார்பாளையம் போலீசில் பதிவான சிலைத் திருட்டு வழக்கில், 2022-ம் ஆண்டு நவம்பரில் கும்பகோணம் கோர்ட்டு அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், 2014-ம் ஆண்டு செப்டம்பரில் டெல்லிக்கு வந்தபோது, பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார். விருத்தாசலம் கோவிலில் இருந்து திருட்டுப்போன அர்த்தநாரீசுவரர் சிலையும் உடன் வந்தது.

37 ஆண்டுக்குப் பிறகு...

திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சி மக்களுக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது.

1982-ம் ஆண்டில் அவ்வூர்க் குலசேகரமுடையார் கோவிலில் திருடர் புகுந்தனர். நடராஜர், சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலி நாயகர் ஆகிய சிலைகளைக் கொண்டுபோய்விட்டனர். போலீசார் தேடினார்கள். துப்புக் கிடைக்கவில்லை. வழக்கை மூடிவிட்டார்கள்.

ஆண்டுகள் ஓடின. அன்று கோவிலில் விளையாடிய சிறுவர்கள் பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

பிறகுதான் தெரிந்தது. அடிலெய்டு நகரில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம், 2001-ம் ஆண்டில் ஒரு நடராஜரை வாங்கியிருந்தது. புதுச்சேரிப் போட்டோவை வைத்து ஒப்பிட்டார்கள். கல்லிடைக்குறிச்சி நடராஜரேதான்!

கலைக்கூடத்தார் சிலையைத் தர ஒப்புக்கொண்டார்கள். 2019-ம் ஆண்டு செப்டம்பரில் நடராஜர் டெல்லிக்கு வந்து, அங்கிருந்து ரெயிலில் சென்னைக்கு வந்தார். ரெயில் நிலையத்தில் பக்தர்கள் கூடி வரவேற்றார்கள்.

பிறகு சொந்த ஊருக்குப் போனார். மீட்கப்பட்ட சிலைகளில் பல இன்னும் பாதுகாப்பு மையங்களில்தான் இருக்கின்றன. கல்லிடைக்குறிச்சி நடராஜரோ தன் கோவிலுக்கே திரும்பினார். ஊர் மக்கள் அதைத் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். 37 ஆண்டு ஏக்கம் தீர்ந்தது.

ஆனால் கூடப் போன மற்ற மூவர்? அவர்கள் அன்று நடராஜரோடு திரும்பவில்லை.

நாம் செய்யக்கூடியது

போலீசாரும் சுங்க அதிகாரிகளும் துறைமுகத்தில் காவல் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கிறார்கள். ஆனால் சிலை துறைமுகத்துக்கு வந்த பிறகு பிடிப்பது கடினம். ஊரை விட்டுப் போகாமல் தடுப்பதே சுலபம்.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஊர்க் கோவிலில் என்னென்ன சிலைகள் இருக்கின்றன என்று ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிலையையும் முன்புறம், பின்புறம், பக்கவாட்டில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். உயரத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். போட்டோ இல்லாத சிலை திருட்டுப்போனால், "இது எங்கள் சாமி" என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிப்பது கஷ்டம்.

பழுது பார்க்கச் சிலையைக் கொடுத்தால், திரும்பி வருவது அதே சிலைதானா என்று போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிவபுரம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

மண் வெட்டும்போது சிலை கிடைத்தால் உடனே கிராம அதிகாரிக்கோ, தாசில்தாருக்கோ சொல்ல வேண்டும். சிலை தேடி ஊருக்குள் வரும் வியாபாரி தருவது சில நூறு ரூபாய்தான். கோடி ரூபாய் அவனுக்கு. போலீஸ் வழக்கு நமக்கு!

எல்லாவற்றுக்கும் மேலாக, கோவிலில் தினமும் விளக்கு எரிய வேண்டும். ஸ்ரீபுரந்தானில் திருடனுக்கு உதவியது கள்ளச் சாவி அல்ல. யாரும் போகாத கோவில் என்பதுதான். பெரியவர்கள் மாலையில் போய் உட்காரும் கோவிலில், பிள்ளைகள் பிரகாரம் சுற்றும் கோவிலில், ஒரு சிலை காணாமல் போனால் அன்றே தெரிந்துவிடும்.